இரண்டு பூட்டுத் தொங்கிய கோயில்

குருப்பட்டத்தன்று ஆயர் உங்கள் கைகளில் பூசிய எண்ணெயின் வாசனைகூட இன்னும் போயிருக்காது. அதற்குள் ஒரு கிழவனைக் கூப்பிட்டு, பங்கில் எப்படி நடந்துகொள்வது என்று உங்களுக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற குருக்கள் இல்லத்தில் மூன்று வேளையும் உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நான். பேசச் சொன்னால் விடுவேனா?

பூசை வைப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் குருமடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. ஒருநாள் காலையில் நீங்கள் எழுந்து போகும்போது உங்கள் கோயில் கதவை உங்கள் மக்களே பூட்டி வைத்திருப்பார்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று எந்தப் பேராசிரியரும் பாடம் எடுத்திருக்க மாட்டார். நானும் எடுக்கப்போவதில்லை. நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலும் செய்யக்கூடாததைத்தான் செய்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருட ஊழியத்தில் வேற்று மதத்துக்காரர் ஒருவர்கூட என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் வண்டி டயரில் ஆணி ஏற்றியவர்கள், சுவரில் என் பெயரைத் தாரால் எழுதியவர்கள், ஆயருக்குப் புகார் எழுதியவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை என் கையால் நற்கருணை வாங்கியவர்கள்தான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஊரில் மற்றவர்களுக்கு நம்மைப் பற்றி என்ன அக்கறை?

உதவிப் பங்குத்தந்தையாக நான் முதலில் இருந்தது திண்டுக்கல் நகரத்துக்குள் ஒரு பங்கில். அங்கே பங்குத்தந்தையாக இருந்த பெரிய சாமிக்கு வாரம் ஒரு மொட்டைக் கடுதாசி வரும். காலைச் சாப்பாட்டு மேசையில் சட்னியைத் தள்ளி வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து அதில் உள்ள எழுத்துப்பிழைகளைத் திருத்துவார். எனக்குப் பயமாக இருக்கும். "இந்த வாரம் பிழை ஜாஸ்திப்பா. கோபத்துல எழுதியிருக்கான், பாவம்" என்பார். ஒரு வாரம் கடிதம் வரவில்லை. அன்றைக்குத்தான் அவர் முகம் வாடியது. "என்ன ஆச்சுன்னு தெரியலையே, உடம்புக்கு முடியலையோ?" என்று யாரென்றே தெரியாத அந்த ஆளுக்காகப் பூசையில் ஒரு வேண்டுதல் சேர்த்துக்கொண்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதில் ஒரு பாடம் இருந்தது என்பது இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது செம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமப் பங்கில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்கள் இன்றைக்கும் எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

நான் போய் இறங்கிய அன்று போட்ட ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பூ விளைகிற ஊர், கேட்க வேண்டுமா? சுற்றிலும் மல்லித் தோட்டமும் சம்பங்கித் தோட்டமும். மாலையைப் போட்டவர் சவரிமுத்து. சொந்தமாகத் தோட்டம் உண்டு, டவுனில் பூ மண்டி உண்டு, பங்குப் பேரவையில் அவர்தான் எல்லாம். மேலத் தெருவில் மாடிவீடு. திருவிழாவுக்குக் கொடி சுமப்பது அவர்கள் குடும்பத்து உரிமை. தேக்குக் கம்பில் சுற்றிய கொடியை அவர் வீட்டிலிருந்து தோளில் தூக்கி, நாலு தெருவும் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். நாலு தெரு என்றுதான் சொல்வார்கள். கீழத் தெருவைச் சேர்த்தால் ஐந்து. அந்தத் தெருவைச் சேர்ப்பதில்லை.

இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருடம் எனக்கு ஞானம் பிறந்தது. ஞாயிறு பிரசங்கத்தில், இந்த வருடம் முதல் கொடி சுமக்கும் பாக்கியம் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கப்படும், ஐந்து தெருக் குடும்பங்களின் பெயரும் சீட்டில் இருக்கும் என்று அறிவித்தேன். யாரிடமும் முன்கூட்டிப் பேசவில்லை. பேசியிருந்தால் பிரசங்கத்தில் அந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது. என் குரல் கோயில் சுவரில் மோதித் திரும்புவதைக் கேட்டு நானே மெய்சிலிர்த்துப் போனேன். செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். செய்த விதத்தைப் பற்றித்தான் மிச்ச நேரமும் பேசப்போகிறேன்.

சீட்டு விழுந்தது மரியபுஷ்பம் பெயருக்கு. கீழத் தெரு. கணவர் இல்லை. விடியற்காலையில் பூப் பறிக்கப் போய்ப் பிழைக்கிற அம்மா. கைதட்டல் கேட்டது, மூன்று பேரிடமிருந்து. அன்று சாயங்காலமே அவர், நான் குடியிருந்த சாமியார் பங்களா வாசலுக்கு வந்தார்.

"தோத்திரம் சாமி. எனக்கு வேணாம் சாமி. வேற பேரு எடுத்துருங்க."

"ஏம்மா? ஆண்டவரே உன் பேரைத் தேர்ந்தெடுத்திருக்கார்."

"ஆண்டவரு எடுத்தாரு, சரி. காலையில நான் பூ எடுக்கப் போறது சவரிமுத்து அண்ணன் தோட்டத்துக்குல்ல?"

"பயப்படாதே. நான் இருக்கேன்."

தம்பிகளே, இந்த இரண்டு சொல்லை யாரிடமும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். 'நான் இருக்கேன்.' நமக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும்.

அவர் கொடியைச் சுமந்தார். நன்றாகவே சுமந்தார். கூலிவேலை செய்து உரமேறிய தோள். ஐந்து தெருவும் சுற்றினோம். மேலத் தெருவில் அத்தனை வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. நான் அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே நடந்தேன். அடுத்த வாரம் முதல் அவரைப் பூவெடுக்க யாரும் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு நல்ல பிரசங்கம் கிடைத்தது. அவருக்கு வேலை போயிற்று. நான் ரேஷன் அரிசி இரண்டு பை கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு மனு வந்தது. ஆயருக்கு அனுப்பிய மனுவின் நகலை ஆயர் இல்லத்திலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். பதினான்கு குற்றச்சாட்டுகள். சிலுவைப்பாதையில் தலங்களும் பதினான்குதான். ஒன்று, பிரசங்கம் நீளம். இரண்டு, பிரசங்கம் புரியவில்லை. மூன்று, நாய் வளர்க்கிறார். நாயைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறார். பங்கு மக்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான்கு, வத்தலக்குண்டு ரோட்டுக் கடையில், கறி ஆகாத வெள்ளிக்கிழமை, புரோட்டா சாப்பிட்டார், சால்னாவில் கறி இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். இப்படியே போனது. கொடியைப் பற்றி ஒரு வரி இல்லை. சீட்டைப் பற்றி இல்லை. கீழத் தெருவைப் பற்றி இல்லவே இல்லை. படித்துப் படித்துச் சிரித்தேன். சக குருக்களுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள்.

பதினோராவது குற்றச்சாட்டு, 'நோயாளிகளை வீடு தேடி வந்து பார்ப்பதில்லை' என்பது. அதை வாசிக்கும்போதும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள். சவரிமுத்துவின் பெயர் முதலில். ஓட்டிக்கொண்டே வந்த கண் நடுவில் ஓரிடத்தில் நின்றது. 'மரியபுஷ்பம்' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை. நேரே கீழத் தெருவுக்குப் போனேன். மூன்று வருடத்தில் அந்தத் தெருவுக்குள் என் செருப்புப் பட்டது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"நீயுமாம்மா கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன் சாமி."

"நான் நாயைக் கண்ணுன்னு கூப்பிடறது உனக்கும் வருத்தமா?"

"அதெல்லாம் நான் படிக்கல சாமி. கையெழுத்துப் போட்டா நாளையில இருந்து வேலைக்கு வரலாம்னாங்க. போட்டேன்." நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "இன்னும் யாரும் கூப்பிடல. உங்களுக்கென்ன சாமி, இந்த ஊரு இல்லாட்டி வேற ஊரு குடுப்பாங்க. எனக்கு யாரு குடுப்பா?"

திரும்பி வந்தேன். ஆனால் தம்பிகளே, மனது என்பது பொல்லாதது. அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தையும் சவரிமுத்துவின் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கோயில் பெரிய கதவில் ஒரு புதுப் பூட்டு. வாசலில் டிஜிட்டல் பேனர். 'பங்கு மீட்புக் குழு' என்று பெயர். அதில் அவர்கள் போட்டிருந்த என் படம் நன்றாக விழுந்த படம். என் வெள்ளி விழாவுக்கு அவர்களே எடுத்தது. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி அதில் என்னையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். பிறகு யாரோ கவனித்து, "சாரி ஃபாதர்" என்று ஒரு செய்தி போட்டுவிட்டு நீக்கினார்கள்.

ஆயர் இல்லத்துக்குப் போன் செய்தேன். அங்கே இருந்த மூத்த குரு ஒருவர் எனக்கு எல்லா விதத்திலும் வழிகாட்டி. அவர், "அவங்க பூட்டுக்கு மேல நம்ம பூட்டு ஒன்னு போடு. இல்லேன்னா வெளியூரிலிருந்து யாரையாவது கூட்டிவந்து உள்ளே கூட்டம் நடத்துவாங்க" என்றார். டவுனுக்குப் போய்ப் பெரிய திண்டுக்கல் பூட்டாக ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். உள்ளே பீடத்தில் புனித அந்தோனியார் மட்டும் இருந்தார். வெளியே இரண்டு தரப்பும் இருந்தோம்.

சமாதானக் கூட்டத்துக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் புதியவர். பழனிப் பக்கத்துக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தார்.

"ஏனுங்க ஃபாதர், எதிர்த் தரப்பு யாருங்க? எந்த அமைப்புங்க?"

"எதிர்த் தரப்பு இல்லைங்க. எல்லாம் என் பங்கு மக்கள்தான்."

அவர் பேனாவை மூடினார். "அப்புறம் நான் என்னங்க எழுதறது?" என்று பாவமாகக் கேட்டார். சவரிமுத்துவே எழுந்து அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பூசை வைத்தேன். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். வராதவர்கள் வீட்டு மாடியிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள்.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். சாப்பிட உட்காரப் போனேன். பங்களாவின் பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் லூர்துமேரி, சவரிமுத்துவின் மனைவி. முந்தானையால் தலையையும் பாதி முகத்தையும் மூடியிருந்தார்.

"சாமி, எங்க மாமா இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. அவுக மண்டிக்குப் போயிருக்காக. செத்த நேரத்துல வந்துருவாக. இப்பவே வந்தீகன்னா அவஸ்தை எண்ணெ பூசிட்டு வந்துரலாம்."

"அவர் சம்மதிப்பாராம்மா?"

"அவுகளுக்கா அவஸ்தை? மாமாவுக்கில்ல? வாங்க சாமி."

எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு, தோட்டத்து வரப்பு வழியாக, மாட்டுக்கொட்டகையைச் சுற்றி அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த வீட்டின் முன்வாசலில் மாலையோடு எத்தனையோ தடவை நுழைந்திருக்கிறேன். பின்பக்கம் ஓர் அறையில் ஒரு கிழவர் ஒரு வருடமாகப் படுத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் கண்ணால் கண்டது. சவரிமுத்துவின் அப்பா, ராயப்பன் என்று பெயர். உடம்பு கட்டிலோடு கட்டிலாக ஒட்டியிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"சாமியா? ஒரு வருஷமா வருவீக வருவீகன்னு வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

பதினோராவது குற்றச்சாட்டு. ஒரு மனுவில் பதிமூன்று பொய் இருக்கலாம். நாம் அந்தப் பதிமூன்றையும் வாசித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்போம். மிச்சம் இருக்கிற ஒன்று இப்படிக் கட்டிலில் கிடக்கும். "மன்னிச்சுக்கங்க ஐயா" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அந்தக் கீழத் தெருப் புள்ள கொடிய நல்லாத் தூக்குச்சாமே?"

"தூக்குச்சு ஐயா."

"அது கனம் சாமி. தேக்கு. நாப்பது வருஷம் தூக்கித் தூக்கி இந்தத் தோளு போச்சு. வேற எவனாவது தூக்குனாத் தேவலன்னு எங்கப்பாகிட்டச் சொன்னேன், அவரு அடிக்க வந்தாரு. எம்மவன்கிட்டச் சொன்னா அவனும் அடிக்க வருவான். நீங்க சொல்லிராதீக."

இதை அவர் சொன்னது நான் ஸ்தோலாவைக் கழுத்தில் போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கு முன்னால். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். போட்ட பிறகு சொன்னவை அவரோடு போயின.

நெற்றியில் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. சவரிமுத்து. லூர்துமேரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். சவரிமுத்து செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முழந்தாளிட்டார். நான் சொன்ன செபத்துக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னார். முடிந்ததும் எழுந்து மனைவியைப் பார்த்து, "சாமிக்குக் காப்பி போடு" என்றார்.

குடித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "நாளைக்கு டவுன்ல உண்ணாவிரதம் வச்சிருக்கோம் சாமி, உங்கள மாத்தச் சொல்லி. அது வேற, இது வேற. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"சரி" என்றேன்.

"வெயிலு மண்டையப் பொளக்குது. வண்டியில கொண்டுபோய் விடச் சொல்றேன்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம். ஆளுக பாத்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். வந்த வழியாவே போயிருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ராயப்பன் இறந்தார். இனி நான் சொல்லப்போவதை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அடக்கப் பூசை கோயிலுக்குள்தான் நடக்க வேண்டும் என்று அவர்கள் வந்து கேட்டார்கள். தங்கள் பூட்டை உடனே திறந்துவிட்டார்கள். கதவில் மிச்சம் இருந்தது என் பூட்டு. நான் வழிகாட்டிக்குப் போன் செய்தேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிட்டுத் திற. இனி இந்தப் பிரச்சினையே இருக்காது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அங்கே கடிதம் தெரிந்தது, ராயப்பன் கிடந்த கண்ணாடிப் பெட்டி தெரியவில்லை. எனக்கு இரண்டும் தெரிந்தது. அப்படியிருந்தும் நான் மேசையில் உட்கார்ந்து, நல்ல தாளாக ஒன்றை எடுத்து, என் அழகான கையெழுத்தில் அந்தக் கடிதத்தை எழுதினேன். 'பொய்க் குற்றச்சாட்டுகளுக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கினேன். பதினோராவதையும் சேர்த்துத்தான்.

அதை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனேன். பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். கரண்ட் இணைப்பு இல்லாததால் கண்ணாடியில் வேர்வை கோத்து முகம் மங்கலாகத் தெரிந்தது. வெயிலில் ஊரே நின்றது. மேலத் தெரு ஒரு பக்கம், கீழத் தெரு கொஞ்சம் தள்ளி. நான் தாளை நீட்டினேன்.

"இதில் கையெழுத்துப் போடுங்க. திறந்துடறேன்."

சவரிமுத்துவின் தம்பி மகன் ஒருவன் பாய்ந்து வந்தான். "ஏலே, சும்மா இரு" என்று அவனைத் தடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

"எங்க போடணும் சாமி?"

"படிச்சுப் பாருங்க."

"எங்கப்பாவ வெயில்ல போட்டுட்டு நான் படிச்சுக்கிட்டு நிக்கவா? எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க."

கீழே வைத்து எழுத இடம் இல்லை. பெட்டியின் மூடிமேல் தாளை வைத்து, துண்டால் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் வாங்கினேன். வெற்றி. ஏழெட்டு வாரம் காத்திருந்த வெற்றி என் கையில் இருந்தது.

அப்போது மரியபுஷ்பம் முன்னால் வந்தார். பெட்டிக்குப் போட இரண்டு கூடை சம்பங்கி கொண்டுவந்திருந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல், எனக்கும் சவரிமுத்துவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்கிட்டயும் இப்படித்தான் சாமி காகிதத்த நீட்டுனாங்க. வேலை வேணும்னா போடுன்னாங்க. நீங்க அடக்கம் வேணும்னா போடுங்குறீங்க."

சவரிமுத்து தலை குனிந்துகொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பூட்டைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கோயிலைப் பூட்டி வைத்திருந்தது நான்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. சாவியை எடுத்தேன். அவசரத்தில் தலைகீழாகக் குத்தினேன், நுழையவில்லை. லூர்துமேரிதான் என் கையிலிருந்து வாங்கித் திறந்தார்.

பூசையில் பிரசங்கம் செய்யவில்லை. பிரசங்கம் நீளம் என்று எழுதியவர்கள் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்கலாம். கல்லறையில் மண் தள்ளி முடித்த பிறகு, கூட்டம் கலைந்து, சவரிமுத்து தனியாக நின்றார். பக்கத்தில் போய் அந்தக் கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

"ஆயர் வீட்டுல கேப்பாங்களே சாமி?"

"கேட்பாங்க."

"என்ன சொல்லுவீங்க?"

"கிடைக்கலைன்னு சொல்வேன்."

கேட்டார்கள், சொன்னேன். குருவானவர் பொய் சொல்லலாமா என்று உங்களில் சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. கூடாது. நான் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். கடிதத்தை வாங்கியதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. மூத்த குரு என்மேல் மிகவும் வருத்தப்பட்டார். "கையில வந்ததை விட்டுட்டியே" என்றார். கடிதம் இல்லை, மன்னிப்பு இல்லை, பங்கில் சமாதானமும் இல்லை என்று ஆயர் இல்லத்தில் முடிவு செய்து, என்னை மாற்றினார்கள். மீட்புக் குழு வென்றது.

மாற்றல் கடிதம் வந்த அன்றைக்கே சவரிமுத்து முன்வாசல் வழியாகப் பங்களாவுக்கு வந்தார். எப்போது கிளம்புகிறேன், எத்தனை வேன் வேண்டும், புதுப் பங்கில் எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்லட்டும் என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. மாற்றலாகிப் போகிற சாமியைப் புதுப் பங்கில் கொண்டுபோய் ஒப்படைப்பது வழக்கம் இல்லையா, அதற்குத்தான். "அதெல்லாம் வேண்டாமே" என்றேன். "நல்லாருக்கே! எங்க சாமிய நாங்க அநாதை மாதிரி பஸ் ஏத்தி விடுவமா? ஊரு என்ன பேசும்?" என்றார்.

"சரி, வாங்க. அதுக்கு முன்னால ஒன்னு கேக்கணும். புஷ்பத்துக்கு வேலை..."

"அது அப்பா அடக்கத்தன்னைக்கே போய் நானே கூப்ட்டுட்டேன் சாமி" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். கொடி விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அடுத்த திருவிழாவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குப் பின் வந்த சாமி புத்திசாலி. திருவிழாவுக்கு நாலு மாதம் முன்பே வீடுவீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். முக்கியமாக நோயாளி இருக்கிற வீடுகளுக்கு. சீட்டுக் குலுக்கல் இப்போதும் நடக்கிறது என்று கேள்வி. அந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கு இல்லை.

மூன்று வேன் நிறைய ஆட்கள். அதில் இரண்டில் என்னை மாற்றச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தவர்கள். வேன் கிளம்பும்போது பெண்கள் அழுதார்கள். நடிப்பு இல்லை, உண்மையான அழுகை. புதுப் பங்கில் போய் இறங்கியதும் அந்த ஊர்ப் பேரவைக்காரர்களிடம் சவரிமுத்து என் கையைப் பிடித்துக் கொடுத்துச் சொன்னது இது: "எங்க சாமி தங்கமானவரு. கொஞ்சம் அவசரக்காரரு. நல்லாப் பாத்துக்கங்க." என்னைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆயர் இல்லத்துக் கோப்பிலும் இவ்வளவு சுருக்கமாக இருக்காது.

ஆக, மக்கள் உங்களை வெறுத்தால் பயப்படாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கொஞ்சம் பயப்படுங்கள், நல்லதுதான். அவர்கள் வெறுப்பு பல சமயம் ஒரு பருவம்தான், போய்விடும். அந்தப் பருவத்தில் உங்கள் கையில் ஒரு சாவி இருக்கும் பாருங்கள், அதைத்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்தது நியாயமாகவே இருக்கும். அந்த நியாயத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

புறப்பட்ட அன்று விடிந்தும் விடியாத நேரம். வேன் ஊர் எல்லையைத் தாண்டி மல்லித் தோட்டங்களுக்கு நடுவே போயிற்று. பெண்கள் வரிசையாகக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்துவின் தோட்டம் வந்ததும் டிரைவர் ஹாரன் அடித்தார். வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. மரியபுஷ்பம். மடியில் பாதி நிறைந்த மொட்டுகள். நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆசீர்வாதம் கொடுத்தேன். அவர் இடக்கையால் மடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சிலுவை போட்டுக்கொண்டார். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விலை போகாது. மறுபடி குனிந்துகொண்டார்.